தொழிற்சாலைச் சூட்டில் தக்காளி: கழிவு வெப்பப் பசுமைக்குடில் தொடங்க நினைப்பவர்களுக்கு

கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் விசிங்டன் என்ற இடத்தில் ஒரு சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு அல்ல, சர்க்கரைக்கிழங்கு. இலையுதிர்காலம் தொடங்கிக் குளிர்காலம் முடியும்வரை லாரிகள் வரிசையாக வந்து கிழங்கைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஜனவரிக் காலையில் அந்தப் பக்கம் போனால் ஆலை தெரிவதற்கு முன்பே அதன் வெள்ளை ஆவி தெரியும். பனி படிந்த வயல்களுக்கு மேலே இவ்வளவு சூடு சும்மா வானத்துக்குப் போகிறதே என்று பார்க்கிற யாருக்கும் தோன்றும். ஆலைக்காரர்களுக்கும் தோன்றியிருக்க வேண்டும். 2000-ம் ஆண்டு வாக்கில் ஆலையை ஒட்டியே கண்ணாடிப் பசுமைக்குடில் எழுந்தது. சிறுகச் சிறுக விரிந்து 18 ஹெக்டேர் ஆயிற்று. ஆலையின் மின்நிலையத்தில் மிஞ்சும் சூட்டை நீரில் ஏற்றி, ஏறத்தாழ 380 கிலோமீட்டர் நீளக் குழாய்களில் செடிகளுக்கு நடுவே சுற்றவிட்டார்கள். புகைபோக்கியில் போகும் கரியமில வாயுவும் செடிகளுக்குப் போனது. கூரையில் விழுந்த மழைநீர் பாசனத்துக்கு. ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் தக்காளி.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "எங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஒரு தொழிற்சாலை இருக்கிறது, சூடு இலவசமாகத் தருகிறோம் என்கிறார்கள், தொடங்கிவிடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் குழாய், பம்ப், வெப்பப் பரிமாற்றி (ஒரு நீரின் சூட்டை, இரண்டும் கலக்காமல், இன்னொரு நீருக்கு மாற்றும் கருவி) என்று இந்தத் தொழிலின் இரும்புப் பக்கத்தில் இருப்பவன். செடிப் பக்கத்தைச் சாகுபடியாளர்களிடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன். இலவசம் என்ற சொல்லை அன்றே மறந்துவிட்டேன். சூட்டுக்கு விலை இல்லாமல் இருக்கலாம். அதைக் கொண்டுவந்து சேர்க்கும் குழாய்க்கும், அது வராத இரவுக்கு வைத்திருக்க வேண்டிய கொதிகலனுக்கும் விலை உண்டு.

படி 1: சூடு தேவையா என்று முதலில் பாருங்கள்

சிரிக்காதீர்கள். தமிழ்நாட்டின் சமவெளியில் இருந்துகொண்டு இந்தத் திட்டத்தைக் கேட்பவர்கள் பலர். அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் உண்டு, தூத்துக்குடியில் அனல்மின் நிலையங்கள் உண்டு, கழிவு வெப்பத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அங்கே பசுமைக்குடிலுக்குப் பகைவனே சூடுதான். மின்விசிறியும் ஈரத் தட்டியும் வைத்து அதை வெளியே தள்ளத்தான் பணம் செலவாகிறது. அந்த ஊர்களில் ஆலை வெப்பத்தை மஞ்சளோ மிளகாயோ உலர்த்தப் பயன்படுத்தும் வழியைத் தேடினால் பலன் உண்டு. தக்காளிக் குடிலுக்கு வேண்டாம். உதகை, கொடைக்கானல், நுவரெலியா போன்ற மலையூர்களில் இரவு குளிர்கிறது, ஆனால் பக்கத்தில் சூடு தரும் அளவுக்குப் பெரிய ஆலை கிடைப்பது அரிது.

குளிர்காலம் நீளமாகவும், தொழிற்சாலை அருகிலும், காய்கறிச் சந்தை கைக்கெட்டும் தூரத்திலும் இருக்கும் நாடுகளுக்குத்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். நெதர்லாந்து, இங்கிலாந்து, சுவீடன், கனடா போன்ற இடங்கள். கனடாவிலோ ஐரோப்பாவிலோ குடியேறி விவசாயத்தில் கால் வைக்க நினைக்கும் நம்மவர்கள் இதற்குமேல் படிக்கலாம்.

படி 2: குடிலின் பசியை அளந்துகொள்ளுங்கள்

ஆலைக்காரரைப் பார்க்கப் போவதற்கு முன் உங்கள் தேவை என்ன என்பது எண்ணாகக் கையில் இருக்க வேண்டும். கணக்கு கடினமில்லை. ஒரு ஹெக்டேர் கண்ணாடிக் குடிலை எடுத்துக்கொள்வோம். தரை 10,000 சதுர மீட்டர். கூரையும் சுவர்களும் சேர்ந்து வெளியே தெரியும் கண்ணாடி சுமார் 12,000 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடி, உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 வாட் சூட்டை வெளியே விடும். தக்காளிக்கு இரவில் 18 டிகிரி வேண்டும். வெளியே உறைபனி, மைனஸ் 2. வித்தியாசம் 20. மூன்றையும் பெருக்கினால் 14,40,000 வாட், அதாவது 1.44 மெகாவாட்.

இந்த எண்ணைப் பார்த்தவுடன் ஆலையிடம் 1.44 மெகாவாட் கேட்கப் போய்விடாதீர்கள். முதலில் திரை போடுங்கள். மாலையில் கூரைக்குக் கீழே தானாக இழுத்து மூடும் வெப்பத்திரை ஒன்று, இரவு இழப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடும். நம் தேவை 1 மெகாவாட்டுக்கு இறங்குகிறது. புதிதாக வருபவர்கள் ஆலைச் சூட்டின் மேல் உள்ள மோகத்தில் திரைக்குக் காசு ஒதுக்க மறந்துவிடுகிறார்கள். ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் வைப்பது போன்ற வேலை அது.

இன்னொன்று. அந்த 1 மெகாவாட் ஆண்டின் மிகக் குளிர்ந்த சில இரவுகளுக்கான எண். மற்ற நாள்களில் அதில் பாதியோ கால்வாசியோதான் வேண்டும். ஆகவே ஆலையிலிருந்து 500 கிலோவாட் எடுக்கும்படி குழாயையும் பரிமாற்றியையும் அமைத்தால், ஆண்டு முழுவதும் வேண்டிய சூட்டில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். மீதி உச்சத்தைச் சிறிய கொதிகலன் பார்த்துக்கொள்ளும். உச்சத்துக்கும் சேர்த்து ஆலைக் குழாய் போட்டவர்கள், ஆண்டில் பத்து நாள் வேலைக்கு யானையைக் கட்டித் தீனி போடுகிறார்கள்.

படி 3: ஆலையில் என்ன சூடு, எத்தனை டிகிரி

"கழிவு வெப்பம்" என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். ஆலைக்குள் நுழைந்தால் அது பல சாதி. சூளை, உலை, பாய்லர் ஆகியவற்றின் புகைக்காற்று 200 டிகிரிக்கும் மேல் இருக்கும். சூடு ஏராளம், ஆனால் அழுக்கு. எரிபொருளில் கந்தகம் இருந்தால் புகையை ஏறத்தாழ 130 டிகிரிக்குக் கீழே குளிரவைக்கும்போது கந்தக அமிலம் வியர்த்துக் குழாயை அரித்துவிடும். செய்முறையில் திரும்பும் வெந்நீர் 60 முதல் 90 டிகிரி வரை இருக்கும். பசுமைக்குடிலுக்கு அதுதான் மாப்பிள்ளை. குளிர்கோபுரத்துக்கு, அதாவது ஆலை நீரைக் காற்றில் ஆறவைக்கும் கோபுரத்துக்கு, போகும் நீர் 25 முதல் 40. ஏராளமாகக் கிடைக்கும், ஆனால் இளஞ்சூடு. கடைசியில் ஊர்க் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஆற்றுக்குப் போகும் நீர். அதில் சூடு இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இங்கிலாந்தில் நார்விச்சுக்கு அருகிலும் பெரி செயின்ட் எட்மண்ட்ஸுக்கு அருகிலும் மொத்தம் 29 ஹெக்டேர் குடில்கள் அந்த நீரிலிருந்து வெப்ப பம்ப் வைத்துச் சூடு எடுக்கும்படி கட்டப்பட்டன. வெப்ப பம்ப் என்பது இளஞ்சூட்டை உறிஞ்சி அதிக வெப்பநிலைக்கு ஏற்றித் தரும் இயந்திரம்; 1 பங்கு மின்சாரம் கொடுத்தால் 3 அல்லது 4 பங்கு சூடு தரும். கணக்கு இனிக்கிறது, மின்கட்டணம் ஏறாத வரை.

வெப்பநிலை ஏன் இத்தனை முக்கியம் என்பதைக் குழாயின் நீளத்தில் பார்க்கலாம். தக்காளிக் குடிலுக்குள் போனால் ஒவ்வொரு செடி வரிசைக்கும் நடுவே தரையில் இரட்டை இரும்புக் குழாய் ஓடுவதைக் காண்பீர்கள். 51 மில்லிமீட்டர் விட்டம். அது வெந்நீர்க் குழாயும்தான், தண்டவாளமும்தான். பறிப்பவர்களின் தள்ளுவண்டி அதன் மேல்தான் ஓடுகிறது. குழாயின் சராசரிச் சூடு 75 டிகிரி என்றால் ஒரு மீட்டர் குழாய் சுமார் 100 வாட் கொடுக்கும். 1 மெகாவாட்டுக்கு 10 கிலோமீட்டர் போதும். அதே குழாயில் ஆலையின் மிச்சச் சூடு 45 டிகிரியில் வந்தால் மீட்டருக்கு 40 வாட்தான். இப்போது 25 கிலோமீட்டர் வேண்டும். விசிங்டனின் 380 கிலோமீட்டரை 18-ஆல் வகுத்துப் பாருங்கள். ஹெக்டேருக்கு 21 வருகிறது. குளிர்ந்த சூடு வாங்கினால் இரும்பு அதிகம் வாங்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு பேரம் பேசப் போனால் உங்களை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

நீரின் அளவும் அப்படியே. 1,000 லிட்டர் நீர் 20 டிகிரி குளிர்ந்தால் 23 யூனிட் சூடு தரும். 1 மெகாவாட்டுக்கு மணிக்கு 43,000 லிட்டர் ஓட வேண்டும். 10 டிகிரிதான் குளிர்கிறது என்றால் ஓட்டம் இரட்டிப்பு. பம்ப்புக்கும் குழாய்க்கும் விலை ஏறும்.

படி 4: காகிதத்தை நம்பாமல் தெர்மாமீட்டரை நம்புங்கள்

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. ஒரு காகித ஆலை. பெயர் வேண்டாம். தொழில்நுட்பத் தாளில் "வெளியேறும் வெந்நீர் 80 டிகிரி" என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். நானும் அதை வைத்தே வரைபடம் போட்டேன். சாகுபடி செய்யப்போகும் பெரியவருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "ஒரு வாரம் அளந்து பாருங்களேன்" என்றார். அந்தக் குழாயில் பதிவு செய்யும் தெர்மாமீட்டரைக் கட்டி ஏழு நாள் விட்டோம். திங்கள் முதல் வெள்ளி வரை 76, 78, 77. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கோடு சரிந்து 52-க்கு வந்து, ஞாயிறு மதியம் வரை அங்கேயே படுத்திருந்தது. வார இறுதியில் இரண்டு இயந்திரங்களில் ஒன்றை நிறுத்திக் கழுவுவார்களாம். ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கேட்காததால் யாரும் சொல்லவில்லை. தக்காளிச் செடிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

எனவே: ஒரு குளிர்கால மாதமாவது, முடிந்தால் ஓராண்டு, கட்டுப்பாட்டு அறையின் மணிவாரிப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். வெப்பநிலை, நீரோட்டம் இரண்டும் வேண்டும். சராசரியைத் தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். செடி சராசரியில் உயிர் வாழ்வதில்லை. பதிவேட்டில் மூன்றைத் தேடுங்கள்: வார இறுதிச் சரிவு, ஆண்டுப் பராமரிப்பு நிறுத்தம், எதிர்பாராமல் விழுந்த நாள்கள். கடைசியாக, ஆலைப் பொறியாளரிடம் ஒரு கேள்வி: "நாங்கள் எடுக்காவிட்டால் இந்தச் சூடு எங்கே போகும்?" குளிர்கோபுரத்துக்கு, ஆற்றுக்கு, வானத்துக்கு என்றால் அது உண்மையான கழிவு. "டர்பைனிலிருந்து கொஞ்சம் நீராவியைப் பிரித்துத் தருவோம்" என்றால் அவர்கள் மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டு உங்களுக்குச் சூடு விற்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதற்கு எரிபொருள் செலவாகிறது. இலவசம் என்றும் பசுமை என்றும் பெயர் சூட்ட வேண்டாம்.

படி 5: இடையில் ஒரு சுவர், அதற்கப்பால் ஒரு தொட்டி

ஆலை நீரை நேராக உங்கள் குழாய்க்குள் விடாதீர்கள். எல்லையில் தகடு வெப்பப் பரிமாற்றி ஒன்று வைத்து, அவர்கள் நீர் அவர்கள் பக்கம், உங்கள் நீர் உங்கள் பக்கம் என்று பிரித்துவிட வேண்டும். 3 முதல் 5 டிகிரி இழப்பீர்கள், பரவாயில்லை. அவர்கள் குழாயில் என்றாவது எண்ணெயோ இரசாயனமோ கசிந்தால் அது உங்கள் குடிலுக்குள் வராது. துரு யாருடையது என்ற சண்டையும் வராது. பரிமாற்றியின் இருபுறமும் வெப்ப அளவி வைத்துவிடுங்கள். பில் தகராறு ஒன்று குறையும்.

தூரத்தைப் பற்றி ஒரே வரி. நன்றாக உறையிட்ட குழாயில் நீர் ஒரு கிலோமீட்டர் ஓடினாலும் பெரிதாக ஆறிவிடாது, ஆனால் அந்த ஒரு கிலோமீட்டர் பள்ளம் தோண்டும் செலவில் உங்கள் முதலீடு ஆறிவிடும். சில ஹெக்டேருக்கு ஆலை மதிலுக்கு அடுத்த நிலம்தான் சரி.

தொட்டி அவசியம். பகலில் வெயில் அடிக்கும்போது குடிலுக்குச் சூடு வேண்டாம், ஆலையோ தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தப் பகல் சூட்டைத் தொட்டியில் பிடித்து வைத்து இரவில் விடுகிறோம். 1 மெகாவாட் வீதம் 10 மணி நேரம் தாங்க வேண்டும் என்றால், 90 டிகிரியில் நிரப்பி 50 டிகிரிவரை இறக்கினால், சுமார் 215 கன மீட்டர் தொட்டி. ஆலை நீர் 60 டிகிரிதான் என்றால் அதே தொட்டி கால்வாசி வேலைதான் செய்யும். மறுபடியும் வெப்பநிலையிலேயே வந்து நிற்கிறோம்.

படி 6: காற்றை மறந்துவிடாதீர்கள்

பொறியாளர்கள் வழுக்கி விழும் இடம் இது, நானும் விழுந்தேன். எரிவாயுக் கொதிகலனை அணைத்துவிட்டோம், ஆலைச் சூடு வந்துவிட்டது, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சாகுபடியாளர் கேட்டார்: "சரி, என் கரியமில வாயு எங்கே?"

வெளிக்காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. மூடிய குடிலில் ஆயிரக்கணக்கான தக்காளிச் செடிகள் வெயிலில் அதை உறிஞ்சத் தொடங்கினால் அளவு அதற்கும் கீழே போய்விடும். செடி பட்டினி கிடக்கும். அதனால் 800 முதல் 1,000 பிபிஎம் வரை ஏற்றிவைக்கிறார்கள். அந்த வாயு எங்கிருந்து வருகிறது? கொதிகலனிலிருந்துதான். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவை எரித்தால் சுமார் 1.8 கிலோ கரியமில வாயு கிடைக்கிறது. நெதர்லாந்தில் கோடைப் பகலில், ஒரு துளி சூடும் தேவையில்லாத நேரத்தில்கூட, இந்த வாயுவுக்காகவே கொதிகலனை எரித்து, சூட்டைத் தொட்டியில் தள்ளி வைப்பது பழைய வழக்கம். வெறும் கழிவு வெப்பத்தை மட்டும் கொண்டுவந்தால், சாகுபடியாளர்கள் வாயுவுக்காகக் கொதிகலனை எரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். சுற்றுச்சூழல் லாபம் பாதி போய்விடும்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் இரண்டையும் சேர்த்துக் குழாய் போட்டார்கள். ராட்டர்டாம் அருகே பெர்னிஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெளிவரும் தூய கரியமில வாயுவை, முன்பு எண்ணெய் ஓடிப் பின் கைவிடப்பட்ட ஒரு பழைய குழாய்வழியாக, 2005 முதல் மேற்கு நெதர்லாந்தின் பசுமைக்குடில்களுக்கு விற்கிறார்கள். ஓகாப் என்பது அந்த அமைப்பின் பெயர். தென்மேற்கில் டெர்நியூசன் அருகே ஸ்லூயிஸ்கில் என்ற ஊரில் யாரா நிறுவனத்தின் உர ஆலை இருக்கிறது. அமோனியா செய்ய இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும்போது கரியமில வாயு மிகத் தூய்மையாகத் தனியே வந்துவிடும். அதையும் ஆலையின் மிச்ச வெப்பத்தையும் அருகிலுள்ள தக்காளி, குடைமிளகாய், கத்தரிக்காய்க் குடில்களுக்குக் குழாயில் கொடுக்கிறார்கள்.

தூய்மை என்ற சொல்லை இங்கே அழுத்திப் படியுங்கள். ஆலைப் புகையை அப்படியே குடிலுக்குள் விட முடியாது. அதில் கந்தக டை ஆக்சைடோ நைட்ரஜன் ஆக்சைடுகளோ இருந்தால் இலை கருகும். எத்திலீன் இன்னும் மோசம்: பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தாலே பூ உதிரும், காய் முன்கூட்டியே பழுக்கும். அது பழம் பழுக்கவைக்கும் அதே வாயுதான், குடோனில் மாம்பழத்துக்குப் போடுவார்களே. வாயு வாங்கும் முன் ஆய்வகச் சோதனை அறிக்கை கேளுங்கள். அறிக்கை தரத் தயங்கினால் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, வாயுவைத் திரவமாகத் தொட்டியில் வாங்குங்கள்.

காற்றைப் பற்றி இன்னொரு சேதி. குளிரை விரட்ட மட்டும் குடிலில் சூடு போடுவதில்லை. சூரியன் வந்ததும் காற்று சட்டென்று சூடாகும். தக்காளிப் பழம் கனமானது, மெதுவாகத்தான் சூடாகும். குளிர்ந்த பழத்தின் மேல் பனித்துளி படியும். அந்த ஈரத்தில் சாம்பல் பூஞ்சை வந்து உட்காரும். அதனால் விடிவதற்கு ஓரிரண்டு மணி நேரம் முன்பே குழாயை மெதுவாகச் சூடேற்றத் தொடங்குவார்கள். மே, ஜூன் மாதத்திலும்கூட. உங்கள் சூடு ஒப்பந்தம் "குளிர்காலத்துக்கு மட்டும்" என்று முடிந்துவிட்டால் பூஞ்சை உங்களுக்குக் கோடையில் பாடம் எடுக்கும்.

படி 7: ஒப்பந்தம்

இதற்கு ஒரு வழக்கறிஞர் வேண்டும். ஆனால் வழக்கறிஞருக்குத் தெரியாத சில வரிகளை நீங்கள் எழுதித் தர வேண்டும். உறுதியளிக்கும் குறைந்தபட்ச வெப்பநிலை எவ்வளவு, அது ஆலை எல்லையிலா பரிமாற்றிக்கு அப்பாலா என்பது முதல் வரி. ஆண்டுப் பராமரிப்பு நிறுத்தம் எந்த மாதம், எத்தனை வாரம் முன்னறிவிப்பு என்பது அடுத்தது. தக்காளியை டிசம்பர், ஜனவரியில் நட்டு மார்ச்சிலிருந்து நவம்பர் வரை பறிக்கிறோம். ஆலை தன் நிறுத்தத்தை ஜூலை, ஆகஸ்டில் வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி. பிறகு, நீங்கள் திருப்பி அனுப்பும் நீர் எவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும் என்பது. ஆலைக்காரர் இதில் கறாராக இருப்பார், ஏனென்றால் உங்கள் குடில் அவருக்கு ஒரு குளிர்கோபுரம். கோபுரத்தின் விசிறிக்கும் நீருக்கும் ஆகும் செலவை நீங்கள் மிச்சப்படுத்தித் தருகிறீர்கள். இதைப் பேரத்தில் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

விலையை எரிவாயு விலையோடு கட்டிவைப்பார்கள். கவனம். அப்படிக் கட்டிவிட்டால் எரிவாயு ஏறும்போது உங்கள் "கழிவு"ம் ஏறும். கழிவு வெப்பத்துக்கு வந்ததன் பயனே அதில் கரைந்துவிடும். பொதுவான விலைவாசிக் குறியீட்டோடு கட்டச் சொல்லிப் போராடுங்கள்.

ஆலை மூடினால் என்ன செய்வது? இது கற்பனை அல்ல. 2021 செப்டம்பரில் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியபோது சிஎஃப் என்ற உர நிறுவனம் இங்கிலாந்தில் பில்லிங்ஹாம், இன்ஸ் ஆகிய இரண்டு உர ஆலைகளையும் ஒரே வாரத்தில் நிறுத்தியது. நாட்டின் தொழில்கள் வாங்கிப் பயன்படுத்தும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. குளிர்பானம் முதல் இறைச்சிக்கூடம் வரை தட்டுப்பாடு, அரசே பணம் கொடுத்து பில்லிங்ஹாமை மறுபடி ஓடவைக்க வேண்டியதாயிற்று. 2023-ல் அங்கே அமோனியா உற்பத்தியை நிரந்தரமாகவே மூடுவதாக அறிவித்தார்கள். அந்த ஆலையின் சூட்டையும் வாயுவையும் எடுத்துக்கொள்ளும்படி அருகிலேயே தக்காளிக் குடில் கட்டியிருந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குடிலின் ஆயுள் 20, 25 ஆண்டு. உங்களுக்குச் சூடு தரும் ஆலை நிலக்கரியிலோ எரிவாயுவிலோ ஓடுகிறது என்றால், அது அத்தனை ஆண்டு ஓடுமா, ஓடத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நிலைத்த வேளாண்மை என்று பலகை மாட்டிக்கொண்டு, மூட வேண்டிய ஆலை ஒன்று திறந்திருக்க நாமே சாக்காகிவிடும் அபாயமும் உண்டு.

படி 8: மாற்றுக் கொதிகலன், அதன் வால்வு

மாற்று ஏற்பாடு இல்லாமல் நடாதீர்கள். இதற்கு மேல் விளக்குவதைவிட நடந்ததைச் சொல்கிறேன். ஒரு டிசம்பர் இரவு, ஆலையில் மின்தடை, சூடு நின்றுவிட்டது. குடிலில் மாற்றுக் கொதிகலன் இருந்தது, எண்ணெயும் இருந்தது. ஆனால் ஆறு மாதமாக ஆலைச் சூட்டிலேயே ஓடிக்கொண்டிருந்ததால், கொதிகலன் பக்கம் திருப்பும் பெரிய வால்வை யாரும் தொடவில்லை. துருப்பிடித்து இறுகிவிட்டது. இரண்டு பேர் நீளக் குழாயை நெம்புகோலாக மாட்டித் திருப்பி முடிப்பதற்குள் ஒன்றரை மணி நேரம். கண்ணாடிக் குடில் சூட்டைப் பிடித்து வைக்காது. உள்ளே 9 டிகிரிக்கு இறங்கிவிட்டது. காலையில் செடிகள் நன்றாகத்தான் இருந்தன. எல்லோரும் தப்பித்தோம் என்று தேநீர் குடித்தோம். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால், அந்த இரவில் பூத்திருந்த கொத்து மட்டும் காய் பிடிக்கவில்லை. குடில் முழுக்க, ஒவ்வொரு செடியிலும், ஒரே உயரத்தில் ஒரு வெற்றுக் கொத்து. நூல் பிடித்துக் கோடு போட்டது போல. அந்தக் கோடு தண்டோடு கீழிறங்கி மறைய மாதங்கள் ஆயின; அதுவரை அந்த வரிசைகளில் நடக்கும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன்.

அதிலிருந்து என் வழக்கம்: மாதம் ஒருமுறை, குளிர் இல்லாத ஒரு பிற்பகலில், ஆலைச் சூட்டை வேண்டுமென்றே மூடி, கொதிகலனை ஒரு மணி நேரம் ஓடவிடுவது. வால்வைத் திருப்பியவர் பெயரும் எடுத்த நிமிடங்களும் சுவரில் தொங்கும் நோட்டில் எழுதப்படும்.

படி 9: முதல் குளிர்காலம்

முதல் ஆண்டு முழுப் பரப்பிலும் தக்காளி நடாமல், பாதியில் கீரை வகை நடலாம். லெட்டூஸ் போன்றவை 8, 10 டிகிரியையும் பொறுத்துக்கொள்ளும். சூடு வரத்தில் ஏதாவது கோளாறு என்றால் இழப்பு சிறியது. பயிரை மாற்ற முடியாது என்றும் எண்ண வேண்டாம். விசிங்டனிலேயே 2017 வாக்கில் தக்காளியை எடுத்துவிட்டு, வலிப்பு நோய் மருந்துக்கான கஞ்சாச் செடியை உரிமத்தோடு வளர்க்கத் தொடங்கினார்கள். அதே குழாய்கள்தான்.

தெர்மாமீட்டர்களை நடுவில் மட்டும் மாட்டாதீர்கள். ஆலைக் குழாய் நுழையும் இடத்துக்கு எதிர்மூலையில், காற்று அடிக்கும் பக்கத்துச் சுவரோரம், செடியின் உச்சி உயரத்தில் ஒன்று, பழம் தொங்கும் உயரத்தில் ஒன்று. அந்த மூலைதான் முதலில் குளிரும். இரவு பத்து மணிக்கும் அதிகாலை நான்கு மணிக்கும் நான்கு எண்களைக் குறித்துவையுங்கள்: வெளி வெப்பநிலை, அந்த மூலையின் வெப்பநிலை, ஆலையிலிருந்து வரும் நீரின் சூடு, திரும்பிப் போகும் நீரின் சூடு. கடைசி இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தால், பரிமாற்றியின் தகடுகளில் உப்பும் அழுக்கும் படியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மார்ச் வரை காத்திருக்காமல் அந்த வாரமே கழற்றிக் கழுவச் சொல்லுங்கள்.